எம்-1 கராண்ட் ரைஃபிளின் ரியர் சைட்: கழற்றவும் பழுது பார்க்கவும் ஒரு தொடக்கநிலை வழிகாட்டி

பழைய எம்-1 கராண்ட் ஒன்றை வாங்கி முதன்முறையாகச் சுடுதளத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் சொல்லும் புகார்களில் இது அடிக்கடி வரும்: "முதல் குண்டு நடுவில் விழுகிறது. அடுத்தடுத்துச் சுடச் சுடக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது." சிலர் தோட்டாவைக் குறை சொல்வார்கள், சிலர் குழல் தேய்ந்துவிட்டது என்பார்கள், சிலர் கண் டாக்டரிடமே போய்விடுவார்கள். பல நேரங்களில் காரணம் இவற்றில் எதுவும் இல்லை. சுடும் அதிர்ச்சியில் ரியர் சைட் (கண்ணுக்கு அருகே, பின்பக்கம் உள்ள குறிபார்க்கும் பாகம்) ஒவ்வொரு கிளிக்காகக் கீழே நழுவுகிறது, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய ரைஃபிளை முழுவதும் பிரிக்க வேண்டியதில்லை. மரக்கட்டையைக் கூடக் கழற்ற வேண்டாம். ஆனால் எந்த வரிசையில் செய்வது என்று தெரியாமல் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தால், இருந்த நல்ல சைட்டையும் கெடுத்துக்கொள்ள நேரும். அதனால் முதலில் சோதனை, பிறகு ஒரே ஒரு நட்டைத் திருகிப் பார்ப்பது, அதற்கும் மசியாவிட்டால் மட்டும் கழற்றுவது என்ற வரிசையில் போகலாம்.

கையில் இருப்பது எந்த வகை?

எம்-1 கராண்ட் 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட ரைஃபிள். மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரியில் ஜான் கராண்ட் வடிவமைத்தது. .30-06 தோட்டா, எட்டுத் தோட்டா கொண்ட கிளிப். இரண்டாம் உலகப்போரில் ஸ்பிரிங்ஃபீல்டும் வின்செஸ்டரும் இதைத் தயாரித்தன. 1950-களில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்ஸனும் சேர்ந்துகொண்டன. இன்று அமெரிக்காவில் பலருக்கு இது சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் ப்ரோக்ராம் (பழைய ராணுவ ரைஃபிள்களைக் குடிமக்களுக்கு விற்கும் அமைப்பு) வழியாகவே கைக்கு வருகிறது.

இந்த ரைஃபிளின் ரியர் சைட் மூன்று கட்டங்களாக மாறியது. முதலில் வந்ததில், வலப்பக்கக் குமிழியின் மட்டத்துக்கு அமுங்கியிருக்கும் ஒரு நட்தான் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்தது. அதை இறுக்கத் தனிக் கருவி வேண்டும். போர்க்களத்தில் ஒரு சிப்பாய் அதற்கு எங்கே போவான்? சைட் நழுவுகிறது என்ற புகார் அப்போதே இருந்தது. அதனால் 1942 இறுதிவாக்கில், வெறுங்கையால் இறுக்கும்படி குறுக்குப் பட்டை வைத்த லாக் பார் வகையைக் கொண்டுவந்தார்கள். அதிலும் ஒரு தொல்லை: ஒவ்வொரு முறை சைட்டைத் திருத்தும்போதும் பட்டையைத் தளர்த்தி, வைத்து, மறுபடி இறுக்க வேண்டும். போருக்குப் பிறகு வந்த டி-105 வகைதான் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. அதில் வலப்பக்கக் குமிழிக்குள்ளேயே ஸ்பிரிங் அழுத்தம் இருக்கிறது. இறுக்கம் மாறாமலே கிளிக் கிளிக்காகத் திருப்பலாம்.

போருக்குப் பின் பணிமனைகளுக்குத் திரும்பிய ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றுக்கு டி-105-ஐ மாட்டிவிட்டார்கள். ஆகவே உங்கள் ரைஃபிள் 1943-இல் செய்ததாக இருந்தாலும் சைட் பெரும்பாலும் டி-105 ஆகத்தான் இருக்கும். அடையாளம் சுலபம். வலப்பக்கக் குமிழியின் வெளிமுகத்தில் குறுக்கே பட்டை நீட்டிக்கொண்டிருந்தால் லாக் பார். நடுவில் பிளவு வெட்டிய வட்ட நட், கீழே ஸ்பிரிங் அழுத்தத்தோடு தெரிந்தால் டி-105.

கீழே வருவதெல்லாம் டி-105-க்கு. உங்களிடம் இருப்பது அசல் முதல் வகையோ லாக் பாரோ என்றால் தயவுசெய்து இங்கேயே நிறுத்திவிட்டு, அந்த வகையைக் கையாண்டு பழகிய ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்) கொண்டுபோங்கள். சேகரிப்பாளர்கள் அந்தப் பாகங்களுக்காக அலைகிறார்கள். சந்தையில் போலிகளும் நிறைய. நழுவுகிறது என்ற கோபத்தில் அசல் லாக் பாரைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு டி-105 மாட்டுவது ரைஃபிளின் மதிப்பைக் கையோடு குறைக்கும் வேலை. கழற்றினாலும் பாகங்களைப் பையில் போட்டு, சீட்டு எழுதி, ரைஃபிளோடே வையுங்கள்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுது பார்ப்பதும் உரிமத்துக்குள் வரும் வேலை. இங்கே சொல்வது அமெரிக்காவில் சட்டப்படி சொந்தமாக ரைஃபிள் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து. அங்கே சட்டத்தின் கண்ணில் 'துப்பாக்கி' என்பது ரிசீவர்தான், அதாவது மற்றப் பாகங்களெல்லாம் பொருந்தும் நடு உடல். சைட் பாகங்களை எவரும் தபாலில் வரவழைத்துக்கொள்ளலாம்.

உள்ளே என்ன இருக்கிறது

ரைஃபிளைச் சுடும் நிலையில் பிடித்துக்கொண்டு பார்த்தால், ரிசீவரின் பின்கோடியில் இரண்டு 'காதுகள்' நிமிர்ந்து நிற்கும். சைட் அந்தக் காதுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. இடக்காதுக்கு வெளியே உள்ள குமிழி எலிவேஷன் நாப்: உயரத்துக்கு. வலக்காதுக்கு வெளியே விண்டேஜ் நாப்: இடம் வலத்துக்கு. நடுவில் நாம் கண் வைத்துப் பார்க்கும் துளை உள்ள பாகம் அப்பர்ச்சர். அதன் கால் வளைந்து கீழே இறங்கும். அந்தக் காலில் வரிசையாகப் பற்கள். எலிவேஷன் நாபிலிருந்து ஒரு தண்டு இரண்டு காதுகளையும் துளைத்துக்கொண்டு குறுக்கே ஓடுகிறது, அதுதான் பினியன். பினியனின் பற்கள் அப்பர்ச்சரின் பற்களில் கோத்துக்கொள்ளும். நாபைத் திருப்பினால் அப்பர்ச்சர் ஏறும், இறங்கும்.

அப்பர்ச்சர் வழுக்கி ஏறுவதற்கான தடம் உள்ள பாகம் பேஸ். விண்டேஜ் நாபின் மரை பேஸுக்குள் ஓடுகிறது. அதைத் திருப்பினால் பேஸ் மொத்தமாக இடமோ வலமோ நகரும். எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய ஸ்பிரிங் எஃகுத் தகடு ஒன்று, அதன் பெயர் கவர். சும்மா தூசி விழாமல் இருக்க வைத்த மூடி என்று பலர் நினைக்கிறார்கள். அப்பர்ச்சர் ஆடாமல் அமர்ந்திருக்க அதன் அழுத்தமும் ஒரு காரணம்.

இனி நழுவல் எங்கே வருகிறது என்று பார்ப்போம். இடக்காதின் வெளிப்பக்கத்தில், பினியன் துளையைச் சுற்றி, சூரியக் கதிர் வரைந்ததுபோல் நுண்ணிய வரிப்பள்ளங்கள் வெட்டியிருக்கும். எலிவேஷன் நாபின் உட்புறம் அந்தப் பள்ளங்களில் அழுந்தி உட்காரும். 'கிளிக்' என்று கையில் படுவது அதுதான். வலக்கோடியில் உள்ள நட்தான் பினியனை இழுத்து நாபை அந்தப் பள்ளங்களில் அழுத்தி வைக்கிறது. நட் தளர்ந்தால் அழுத்தம் குறையும். சுடும்போது நாப் ஒரு பள்ளம் தாண்டிவிடும். ஒரு கிளிக் என்பது ஏறத்தாழ ஒரு எம்ஓஏ (மினிட் ஆஃப் ஆங்கிள் என்ற கோண அளவு): 100 யார்டில் ஒரு அங்குலம், 200 யார்டில் இரண்டு அங்குலம். ஒரு கிளிப் எட்டுத் தோட்டாவைச் சுடுவதற்குள் நான்கு கிளிக் நழுவினால் 200 யார்டில் எட்டு அங்குலம் கீழே போயிற்று. இலக்கில் அது எப்படித் தெரியும் என்று சொல்லவே வேண்டாம்.

கை வைக்கும் முன்

ரைஃபிள் காலியா என்பதைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். ஆபரேட்டிங் ராட் கைப்பிடியைப் பின்னால் இழுத்தால், உள்ளே கிளிப் இல்லாதபோது போல்ட் (தோட்டா அறையை மூடும் பாகம்) திறந்தபடியே நிற்கும். தோட்டா அறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வேலை நடக்கும் மேசையில் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது, வேறு அறையில் இருக்கட்டும்.

போல்ட்டை மூடும்போதுதான் கராண்ட் தன் குணத்தைக் காட்டும். உள்ளே உள்ள ஃபாலோயரை (தோட்டாக்களை மேலே தள்ளும் பாகத்தை) கட்டைவிரலால் அழுத்தியதும் போல்ட் முன்னால் பாய்ந்து வந்து விரலைக் கடிக்கும். 'கராண்ட் தம்ப்' என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். வலக்கை விளிம்பால் ஆபரேட்டிங் ராட் கைப்பிடியைப் பின்னுக்கு அணைத்துப் பிடித்துக்கொண்டு, அதே கையின் கட்டைவிரலால் ஃபாலோயரை அழுத்தி, விரலை வெளியே எடுத்த பிறகு மெதுவாகக் கைப்பிடியை விடுங்கள். சைட் வேலை முழுவதும் போல்ட் மூடியபடியே இருக்கட்டும். பாகம் ஏதாவது கைதவறி உள்ளே விழாது.

கருவிகள் அதிகம் வேண்டாம். நட்டின் பிளவில் கச்சிதமாக உட்காரும் தட்டை ஸ்க்ரூடிரைவர் முக்கியம். பினியனின் மரை நுனி நட்டின் நடுவே எட்டிப் பார்க்கும் என்பதால், நுனியின் நடுவில் சிறு பள்ளம் வெட்டிய கருவி என்றால் இன்னும் நல்லது. எம்-1, எம்-14 சைட்டுகளுக்கென்றே இதை விற்கிறார்கள். அதை வாங்கிவிடுவதே மேல். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் தேய்ந்த ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகி நட்டின் பிளவைச் சிதைத்த ரைஃபிள்களைத்தான் பழைய துப்பாக்கிச் சந்தையில் வரிசையாகப் பார்க்கிறோம். அப்புறம் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், மினரல் ஸ்பிரிட், லேசான கிரீஸ், பெனட்ரேட்டிங் ஆயில், மாஸ்கிங் டேப், பூதக்கண்ணாடி, நல்ல வெளிச்சம். ஓரம் உயர்ந்த ஒரு தட்டும் வேண்டும், கவர் துள்ளி ஓடினால் தரையில் தேடாமல் இருக்க. செல்போன் கேமரா கையருகே இருக்கட்டும்.

கட்டைவிரல் சோதனை

முதலில் எலிவேஷன் நாபைத் திருப்பி அப்பர்ச்சரை அடிமட்டம் வரை இறக்குங்கள். இறக்கும்போது எத்தனை கிளிக் என்று எண்ணுங்கள். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். விண்டேஜ் எங்கே நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: ரிசீவரின் பின்புறத்தில் கோடுகளும் பேஸில் கோடு ஒன்றும் இருக்கும். ரிசீவரின் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு நான்கு கிளிக். இதைச் செய்யாமல் கழற்றினால் பழைய அமைப்பு போனது போனதுதான், சுடுதளத்தில் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது அடிமட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிளிக் மேலே ஏற்றுங்கள். கட்டையின் கழுத்துப் பகுதியை விரல்களால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை அப்பர்ச்சரின் தலையில் வைத்து நன்றாகக் கீழ்நோக்கி அழுத்துங்கள். தட்டாதீர்கள், சுத்தியல் எடுக்காதீர்கள், கட்டைவிரல் பலம் போதும். அப்பர்ச்சர் அசையாமல் நின்றால் இறுக்கம் சரி. 'டக் டக்' என்று இறங்கினால் நோய் கண்டுபிடித்தாயிற்று.

இரண்டு மூன்று உயரங்களில் இதையே செய்து பாருங்கள். ஒரே உயரத்தில் மட்டும் நழுவி மற்ற இடங்களில் நின்றால் அங்கே பல்லோ பள்ளமோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லா உயரத்திலும் நழுவினால் நட்டின் மேல்தான் முதல் சந்தேகம்.

நட்டை ஒரு கிளிக் இறுக்குவது

அப்பர்ச்சரை மறுபடி அடிமட்டத்துக்கு இறக்குங்கள். இடக்கையால் எலிவேஷன் நாபை அசையாமல் பிடியுங்கள். வலப்பக்கம் விண்டேஜ் நாபின் நடுவில் உள்ள நட்டைக் கருவியால் வலஞ்சுழியாக ஒரே ஒரு கிளிக் திருப்புங்கள். நட்டும் கிளிக் கிளிக்காகத்தான் நகரும், கையில் உணரலாம். மறுபடி ஏற்றி, கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். இன்னும் நழுவுகிறதா? இன்னொரு கிளிக். நழுவல் நிற்கும்வரை இப்படியே.

எல்லை எது என்றால், வெறும் விரலால் எலிவேஷன் நாபைத் திருப்ப முடிய வேண்டும். இடுக்கி வைத்துத் திருப்ப வேண்டிய அளவுக்கு இறுகினால் ஒரு கிளிக் இடஞ்சுழியாகத் தளர்த்துங்கள். இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே என்று கடைசிவரை முறுக்குவது பெரும் தவறு. காதின் பள்ளங்கள் வேகமாகத் தேய்வது அப்படித்தான். அந்தப் பள்ளங்கள் ரிசீவரிலேயே வெட்டியவை. நாபை மாற்றலாம், பினியனை மாற்றலாம், ரிசீவரை மாற்ற முடியாது.

நழுவும் சைட்டுகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே குணமாகிவிடும். உங்களுடையதும் அப்படியானால் கீழே உள்ள கழற்றும் பகுதியைச் சும்மா படித்து வையுங்கள், செய்ய வேண்டாம். ஆர்வக்கோளாறில் பிரிக்கத் தகுந்த பொருள் இல்லை இது.

கழற்றுவது

நட்டை இறுக்கியும் நழுவினால், அல்லது சைட் துருவாலோ பழைய காஸ்மோலின் பிசினாலோ அசையாமல் கிடந்தால், கழற்றித்தான் ஆக வேண்டும். காஸ்மோலின் என்பது கிடங்கில் வைக்கும் முன் பூசிய கனத்த மெழுகுக் கிரீஸ். பல பத்தாண்டுகளில் அது வார்னிஷ் போல இறுகிப்போகும். அசையாத சைட்டுக்கு முதல் மருந்து பலம் அல்ல, பொறுமை. இரண்டு காதுகளிலும் நட்டின் விளிம்பிலும் பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள்.

நான்கு பக்கமும் படம் எடுங்கள். காதுகளைச் சுற்றியுள்ள மரத்துக்கும் ரிசீவருக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் கருவி வழுக்கினாலும் கீறல் விழாது. அப்பர்ச்சர் அடிமட்டத்தில் இருக்க வேண்டும். அந்த நிலையில் எலிவேஷன் நாபில் எந்தக் குறி ரிசீவர் கோட்டுக்கு நேராக நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது இந்தக் குறிதான் வழிகாட்டி.

எலிவேஷன் நாபைப் பிடித்துக்கொண்டு நட்டை இடஞ்சுழியாகத் திருகி முழுவதும் வெளியே எடுங்கள். அடுத்து விண்டேஜ் நாபைத் திருகிக் கழற்றுங்கள். அதன் மரை பேஸிலிருந்து விடுபட்டு வரும். இப்போது பினியனை வலப்பக்கம் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. எலிவேஷன் நாபைப் பிடித்து இடப்பக்கமாக நேராக இழுத்தால் தண்டோடு வெளியே வந்துவிடும். வர மறுத்தால் வளைத்து நெம்பாதீர்கள், இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் லேசாகத் திருப்பியபடி இழுங்கள்.

மிச்சம் இருப்பது பேஸும் அப்பர்ச்சரும் கவரும். அப்பர்ச்சரைக் கொஞ்சம் மேலே தூக்கி, அதன் அடியில் கட்டைவிரலைக் கொடுத்து மேலும் வெளியுமாகத் தள்ளுங்கள். மூன்றும் சேர்ந்து கழன்று வரும். கவர் துள்ளுவது இந்தக் கணத்தில்தான். மற்றக் கையை மேலே கவிழ்த்து வைத்துக்கொள்ளுங்கள். கவர் எந்தப் பக்கம் எப்படிச் செருகியிருந்தது என்பதைப் பிரிக்கும் முன் இன்னொரு படம் எடுத்துவிடுங்கள், பூட்டும்போது நிறையப் பேர் தடுமாறுவது அதில்தான்.

எலிவேஷன் நாபின் முகத்தில் ஒரு திருகாணி இருக்கும். கைகள் பரபரக்கும், இருந்தாலும் அதைக் கழற்ற வேண்டாம். அதற்கு வேறு வேலை இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

கழுவுவதும் பார்ப்பதும்

எல்லாவற்றையும் மினரல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேயுங்கள். காற்றோட்டமுள்ள இடம், கையுறை, அருகில் நெருப்பு கூடாது. கம்பி பிரஷ், உப்புத்தாள் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. பாகங்களின் சாம்பல்-பச்சைப் பூச்சு ஒருமுறை போனால் திரும்ப வராது. காதின் உட்புறமும் பள்ளங்களும் சுத்தமாகட்டும். சில நேரம் பள்ளம் தேய்ந்ததுபோல் தெரிந்தது உண்மையில் அழுக்கு அடைத்த பள்ளமாக இருக்கும். பிரஷ் போட்டதும் கூர்மை வெளியே வந்துவிடும்.

பூதக்கண்ணாடியை எடுத்து அப்பர்ச்சரின் பற்களைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை எல்லாப் பற்களையும் சமமாகப் பார்க்காதீர்கள். சைட்டில் 1200 யார்டு வரை குறி இருந்தாலும் அத்தனை தூரம் யார் சுடுகிறார்கள்? பெரும்பாலான சுடுதளங்களில் 100, 200, அதிகம் போனால் 300 யார்டு. ஆகவே சைட் தன் ஆயுளில் பெரும்பகுதியை, அடிமட்டத்துக்கு அருகே நிற்கும்போது பினியனில் கோக்கும் சில பற்களிலேயே கழித்திருக்கும். அந்தப் பற்களை மற்றப் புதுப் பற்களோடு ஒப்பிடுங்கள். நுனி வட்டமாகி, ஒரு பக்கம் சரிந்து, பளபளவென்று இருந்தால் தேய்மானம். பினியனிலும் அதேபோல் பாருங்கள். பல் உடைந்திருந்தாலோ சரிந்திருந்தாலோ அரத்தால் தீட்டிச் சரிசெய்ய முயலாதீர்கள், அந்தப் பாகத்தை மாற்றிவிடுங்கள்.

இரண்டில் எது குற்றவாளி என்று தெரியாவிட்டால், சுடுதளத்தில் இன்னொரு கராண்ட் வைத்திருப்பவரிடம் கேட்டு அவருடைய அப்பர்ச்சரை மட்டும் மாட்டிச் சோதித்துப் பாருங்கள், பிறகு பினியனை மட்டும். புதுப் பாகம் வாங்கும் முன் இந்தக் கடன்சோதனை பணத்தை மிச்சம் பிடிக்கும்.

கவரை வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். அதற்கு ஒரு வளைவு உண்டு. தட்டையாகிப் போயிருந்தால் அப்பர்ச்சர் இடம் வலமாகவோ முன்பின்னாகவோ ஆடும். விரல்களுக்கு இடையே வைத்து மெல்ல வளைத்தால் கொஞ்சம் உயிர் திரும்பும். மெல்ல என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். ஸ்பிரிங் எஃகு சட்டென்று முறியும். ஓரத்தில் மயிரிழை விரிசல் கண்டால் வளைப்பதே வேண்டாம், புதிது வாங்குங்கள்.

காதின் பள்ளங்கள்தான் கடைசி. சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். கூர்மையான நிழல் கோடுகளாகத் தெரிந்தால் நல்லது. நாப் அழுந்தும் பகுதி மழுங்கி, கண்ணாடிபோல் மின்னி, கோடுகள் மங்கியிருந்தால் அது வீட்டில் தீர்க்கும் பிரச்சினை இல்லை. கத்தி, அரம், டிரெமல் (சுழன்று அரைக்கும் சிறு மின்கருவி) எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். இதைச் செய்து பழகிய கன்ஸ்மித்தின் வேலை அது. அதற்கு முன் புது எலிவேஷன் நாப் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது மட்டும் நீங்கள் செய்யக்கூடியது. தேய்மானம் நாபின் உட்புறத்தில் இருந்தால் அதோடு முடிந்துவிடும்.

மாற்றுப் பாகம் வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. நேஷனல் மேட்ச் எனப்படும் போட்டி ரைஃபிள்களுக்காகச் செய்த பேஸில் 'என்எம்/2ஏ' என்று முத்திரை இருக்கும். அரை எம்ஓஏ நகர்வுக்காக அதன் மரை சாதாரண பேஸின் மரையைவிட நெருக்கமானது. அந்த பேஸுக்கு அதே வகை விண்டேஜ் நாப்தான் சேரும். சாதாரண நாபைக் கொண்டுபோய் அதில் திருகினால் இரண்டு மரையும் நாசம். கையால் சுலபமாக ஓடாத மரையை எந்தப் பாகத்திலும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

திரும்பப் பூட்டுவது

பினியன் பற்கள், பேஸின் தடம், காதுகளில் நாப் உரசும் இடம், விண்டேஜ் நாபின் மரை ஆகியவற்றில் கிரீஸைத் தொட்டு வைத்தால் போதும். பூசி மெழுகினால் புழுதி ஒட்டிக்கொண்டு சாணைக்கல் போல வேலை செய்யும். நட்டின் மரையில் லாக்டைட் (மரையை இறுக்கி ஒட்டும் பசை) போடச் சொல்லும் அறிவுரையைக் கேட்டிருப்பீர்கள். வேண்டாம். அந்த நட் அவ்வப்போது ஒரு கிளிக் திருத்துவதற்காகவே இருக்கிறது.

அப்பர்ச்சரை பேஸின் தடத்தில் செருகி, படத்தில் பார்த்தபடி கவரை அதன் மேல் பொருத்துங்கள். மூன்றையும் சேர்த்துப் பிடித்து, அப்பர்ச்சரின் காலை ரிசீவர் குழிக்குள் இறக்கியபடி காதுகளுக்கு நடுவே உட்காரவையுங்கள். கவரின் ஓரம் எங்காவது மடங்கி நின்றால் பேஸ் கோணலாக உட்காரும், திருப்பி எடுத்து மறுபடி வையுங்கள். சரியாக உட்கார்ந்தால் பேஸ் இடம் வலமாகத் தங்குதடையின்றி வழுக்கும்.

அப்பர்ச்சரை அடிமட்டத்துக்கு அழுத்திப் பிடியுங்கள். எழுதி வைத்த குறி ரிசீவர் கோட்டுக்கு நேராக வரும்படி எலிவேஷன் நாபைப் பிடித்து, பினியனை இடப்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளுங்கள். ஒரு பல் தள்ளிக் கோத்தாலும் எண்கள் எல்லாம் பிசகும், ஆகவே உள்ளே போனதும் ஒருமுறை ஏற்றி இறக்கி, அடிமட்டத்தில் அதே குறி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். அடுத்து விண்டேஜ் நாபை பேஸின் மரையில் திருகுங்கள். முதல் இரண்டு சுற்று விரல் நுனியால் மட்டும். மரை குறுக்கே ஏறினால் உடனே தெரியும். பேஸ் பழைய இடத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். கடைசியாக நட். முதல் கிளிக் கேட்கும்வரை இறுக்கி, பிறகு கட்டைவிரல் சோதனையோடு ஒவ்வொரு கிளிக்காகப் போங்கள்.

விண்டேஜ் நாபையும் இரு பக்கமும் பல கிளிக் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் இலகுவாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருந்தால் கவர் எங்கோ உரசுகிறது.

சுடுதளத்தில்

100 யார்டில் தொடங்குங்கள். அடிமட்டத்திலிருந்து எட்டிலிருந்து பத்து கிளிக் மேலே ஏற்றினால் பெரும்பாலான கராண்டுகள் தாளுக்குள் வந்துவிடும். விண்டேஜை நடுக்கோட்டில் வைத்து, நிதானமாக மூன்று குண்டு, பிறகு திருத்தம். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ரியர் சைட்டை நகர்த்த வேண்டும், ஒரு அங்குலத்துக்கு ஒரு கிளிக். நடுவில் விழ வைக்க பேஸை ஒரு பக்கமாக வெகுதூரம் தள்ள வேண்டியிருந்தால் ரியர் சைட்டோடு மல்லுக்கு நிற்காதீர்கள். முன் சைட்டைப் பிடித்திருக்கும் திருகாணியைத் தளர்த்தி அதைக் கொஞ்சம் நகர்த்தலாம். முன் சைட்டில் திசை நேர்மாறு: குண்டு வலப்பக்கம் போக வேண்டுமென்றால் முன் சைட்டை இடப்பக்கம் நகர்த்த வேண்டும்.

200 யார்டுக்கு வழக்கமாக இரண்டு அல்லது மூன்று கிளிக் கூடும். ஓஹையோவின் கேம்ப் பெர்ரியில் நடக்கும் ஜான் சி. கராண்ட் மேட்ச் போட்டியே 200 யார்டில்தான், அதனால் அந்தத் தூரத்தில் சைட்டைச் சரியாக வைத்துக்கொள்வது பயனுள்ள பழக்கம். நடுவில் விழத் தொடங்கியதும் நாபின் முகத்தில் உள்ள திருகாணிக்கு வேலை வருகிறது. இப்போது நாபில் 2 என்ற குறி ரிசீவர் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், அடிமட்டத்திலிருந்து எத்தனை கிளிக் என்று மறுபடி எண்ணி எழுதிக்கொண்டு, அந்தத் திருகாணியை ஒரு சுற்று அல்லது ஒன்றரைச் சுற்று தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். அப்பர்ச்சர் அசையாதபடி நாபை மட்டும் திருப்பி 2-ஐக் கோட்டுக்கு நேராக வைத்து இறுக்குங்கள். பிறகு அடிமட்டம் வரை இறக்கி எண்ணிப் பாருங்கள். எழுதிய எண்ணும் இதுவும் ஒத்துப்போனால் அப்பர்ச்சர் நகரவில்லை, எண்கள் மட்டும் சரியாகிவிட்டன.

அதன் பிறகு இரண்டு மூன்று கிளிப் சுட்டுவிட்டு, சூடு ஆறுவதற்குள் கட்டைவிரல் சோதனையை ஒருமுறை செய்யுங்கள். புதிதாகப் பூட்டிய சைட்டில் பாகங்கள் ஒன்றோடொன்று உட்கார்ந்து பழகும்போது இறுக்கம் கொஞ்சம் குறையும். நட் இன்னும் ஒரு கிளிக் கேட்பது வழக்கம். அந்தக் கருவியை ரேஞ்ச் பையிலேயே போட்டு வையுங்கள்.